பரோக் சொனாட்டாப் பதிவு ஒன்றின் டெம்போ, கீ, மனநிலையைக் கண்டறிவது எப்படி

ஒரு பரோக் சொனாட்டாவின், அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாத்திய இசைப் படைப்பு ஒன்றின், ஒலிப்பதிவை மென்பொருளிடம் கொடுத்து டெம்போ (வேகம்), கீ (ஆதாரச் சுரமும் சுர அமைப்பும்), மனநிலை மூன்றையும் கேட்டால் சில நொடிகளில் பதில் வந்துவிடும்: 160 பிபிஎம் (நிமிடத்துக்கு 160 பீட்), எஃப் ஷார்ப் மைனர், சோகம். மூன்றுமே தவறாக இருக்க வாய்ப்புண்டு. மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்தச் சுரத்தை ஒரு பீட்டாக எண்ணுவது, வாத்தியம் எந்தச் சுருதியில் கூட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் நாம் அதற்குச் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. இசை நூலகத்துக்குக் குறிப்பு எழுதுபவர், நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ இசை தேடுபவர், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுபவர் ஆகியோருக்கு இந்த இரண்டு விவரமும் முதலில் வேண்டும். மனநிலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாக பாக்கின் தனி வயலினுக்கான முதல் சொனாட்டாவை (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யு.வி 1001) எடுத்துக்கொள்வோம். பாக் தன் கையால் எழுதிய பிரதியில் 1720 என்று ஆண்டு இருக்கிறது. அடாஜியோ, ஃபூகா, சிசிலியானா, பிரெஸ்டோ என நான்கு பகுதிகள். பக்கவாத்தியம் கிடையாது என்பதால் எதையும் தெளிவாக அளக்கலாம். இந்த வகை இசையில் வரக்கூடிய பொறிகளும் ஏறக்குறைய எல்லாமே இதில் இருக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது

நோட்டேஷனைக் கையில் எடுங்கள். பதிப்புரிமை முடிந்த பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தலைப்புச் சொல், தாளக்குறி, பார்களின் (தாள வட்டங்களின்) எண்ணிக்கை, திரும்ப வாசிக்கச் சொல்லும் குறிகள். இந்தச் சொனாட்டாவில் அடாஜியோ 22 பார், நான்கு கால் சுரத் தாளம் (கால் சுரத்தின் நீளத்தில் பாதி எட்டாம் சுரம், அதில் பாதி பதினாறாம் சுரம்). ஃபூகா 94 பார். சிசிலியானா 20 பார், 12/8, அதாவது பாருக்குப் பன்னிரண்டு எட்டாம் சுரங்கள். பிரெஸ்டோ 136 பார், 3/8. பிரெஸ்டோ மட்டும் 54 பார், 82 பார் என இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இரண்டு பாதிக்கும் திரும்ப வாசிக்கும் குறி உண்டு.

ஆல்பத்தின் பெயரைப் பார்த்துக் கீயை எழுதிவிட வேண்டாம். 'ஜி மைனர் சொனாட்டா' என்பது முழுச் சொனாட்டாவின் பெயர். அதன் சிசிலியானா பி ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. ஹேண்டலின் டி மேஜர் வயலின் சொனாட்டாவில் மூன்றாவது பகுதியான லார்கெட்டோ பி மைனர். மெதுவான நடுப்பகுதியை உறவுக் கீ ஒன்றில் வைப்பது அக்கால வழக்கம். இதைக் கவனிக்காமல் ஒரு முழுத் தொகுப்பின் குறிப்புகளும் தவறாகிப்போவதுண்டு.

நோட்டேஷனின் தொடக்கத்தில் உள்ள ஃபிளாட் குறிகளை மட்டும் எண்ணிக் கீயைச் சொல்வதும் இங்கே பலிக்காது. ஜி மைனருக்கு இன்று இரண்டு ஃபிளாட் போடுகிறோம். பாக்கின் கைப்பிரதியில் ஒன்றுதான் இருக்கிறது. டோரியன் என்ற பழைய சுர அமைப்பின் முறைப்படி எழுதும் பழக்கம் அப்போது இன்னும் மறையவில்லை; ஈ ஃபிளாட்டைத் தேவைப்படும் இடங்களில் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். ஒரு ஃபிளாட்டைப் பார்த்து டி மைனர் என்றோ எஃப் மேஜர் என்றோ எழுதினால் தவறு.

டெம்போ

வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்கு மெல்ட்செல் காப்புரிமை பெற்றது 1815-இல். பாக் இறந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே ஒரு பரோக் சொனாட்டாவுக்கு 'சரியான பிபிஎம்' என்று இசையமைப்பாளர் விட்டுச்சென்ற எண் எதுவும் இல்லை. நாம் அளப்பது குறிப்பிட்ட ஒரு பதிவில் குறிப்பிட்ட ஒரு கலைஞர் எடுத்துக்கொண்ட காலப்பிரமாணத்தை. குறிப்பிலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ஒரு சிறு கணக்கு. வாசித்த பார்களின் எண்ணிக்கையை ஒரு பாருக்கான பீட்டுகளால் பெருக்கி, நொடிக் கணக்கில் உள்ள நேரத்தால் வகுத்து, 60-ஆல் பெருக்குங்கள். பிரெஸ்டோ 3 நிமிடம் 24 நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதியையும் திரும்ப வாசித்திருந்தால் மொத்தம் 272 பார். 204 நொடியில் 272 பார் என்றால் ஒரு பாருக்கு முக்கால் நொடி, அதாவது நிமிடத்துக்கு 80 பார். நொடிக்கு எட்டு பதினாறாம் சுரங்கள் ஓடுகின்றன.

இங்கே இரண்டு இடங்களில் கணக்கு பிசகும். கலைஞர் இரண்டாம் பாதியைத் திரும்ப வாசிக்காமல் விட்டிருந்தால் மொத்தம் 190 பார்தான். அதே 204 நொடிக்கு நிமிடத்துக்கு 56 பார் என்று ஆகிவிடும். ஆகவே பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டு, எது திரும்ப வந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கணக்கைத் தொடங்க வேண்டாம். அடுத்தது, டிராக்கின் கடைசியில் வரும் மௌனம். தேவாலயத்தில் பதிவு செய்திருந்தால் கடைசிச் சுரத்தின் எதிரொலி அடங்கவே சில நொடிகள் ஆகும். 5 நொடி கூடுதலாகச் சேர்த்தால் 80 என்பது 78 ஆகிவிடும். முதல் சுரம் தொடங்கும் இடத்திலிருந்து கடைசிச் சுரம் தொடங்கும் இடம்வரை மட்டும் அளந்து, பார்களையும் அதற்கேற்ப எண்ணுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் இரண்டு இடங்களும் தெளிவாகத் தெரியும்.

தட்டி அளக்கும் செயலிகளும் உதவும். ஆனால் எதைத் தட்டுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிரெஸ்டோவில் பார் ஒவ்வொன்றையும் தட்டினால் 80 வரும். எட்டாம் சுரத்தைத் தட்டினால் 240. தானியங்கி டெம்போ கருவி 120 என்றோ 160 என்றோ சொல்லக்கூடும். இடைவிடாமல் ஓடும் பதினாறாம் சுரங்களை அது இரண்டிரண்டாகவும் சேர்க்கலாம், மூன்று மூன்றாகவும் சேர்க்கலாம். எங்கே பார் தொடங்குகிறது என்று அதற்குக் காட்டிக்கொடுக்க மிருதங்கமோ டிரம்மோ இல்லை. ஆகவே வெறும் '80' என்று எழுதாமல் 'ஒரு பார் = 80' என்று அலகோடு எழுதுங்கள். அலகு இல்லாத பிபிஎம் எண் எதற்கும் உதவாது.

மூன்று பீட் தாளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வாக்கியம் முடியும் இடத்தை நெருங்கும்போது இரண்டு மூன்று-பீட் பார்கள் சேர்ந்து மூன்று இரண்டு-பீட் பார்களைப் போல ஒலிக்கும். ஹெமியோலா என்பார்கள். கொரெல்லி, ஹேண்டல் இருவரிடமும் இது அடிக்கடி வரும். கருவி அந்த இடத்தில் வேகம் மாறியதாக நினைத்துக்கொள்ளும். தட்டிக்கொண்டிருக்கும் கையும் தடுமாறும். அளப்பதற்கு வாக்கிய முடிவுகளைத் தவிர்த்து, நடுவிலிருந்து 8 பார்களை எடுப்பது நல்லது.

மெதுவான பகுதிகளில் எல்லாமே வேறு மாதிரி. அடாஜியோ 4 நிமிடம் என்றால் 22 பார், 88 கால் சுரங்கள், அதாவது நிமிடத்துக்கு 22. அந்த வேகத்தில் யாராலும் தட்ட முடியாது. பெரும்பாலான மெட்ரோனோம்களில் அந்த எண்ணே இருக்காது. எட்டாம் சுரத்தை அலகாக எடுங்கள்: 44. அதுவும் சராசரிதான். வாசிப்பவர் ஓரிடத்தில் நின்று இன்னோரிடத்தில் விரைவார். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் இரண்டிரண்டு பார்களை அளந்து, 'எட்டாம் சுரம் = 40 முதல் 50 வரை' என்பதுபோல வீச்சாகக் கொடுப்பதே நேர்மை. சிசிலியானா 3 நிமிடம் ஓடினால் புள்ளி வைத்த கால் சுரத்துக்குச் சுமார் 27, எட்டாம் சுரத்துக்கு 80. இரண்டாவது எண்தான் கேட்பவருக்குப் புரியும்.

ஒரே டிராக்கில் பல டெம்போக்கள் வருவதையும் எதிர்பாருங்கள். 1700-இல் ரோமில் வெளிவந்த கொரெல்லியின் ஐந்தாம் ஓபஸில் (வெளியீட்டுத் தொகுப்பில்) முதல் சொனாட்டாவின் முதல் பகுதி கிராவே, அலெக்ரோ, அடாஜியோ என்று மாறி மாறிப் போகும். இதற்குச் சராசரி எடுத்தால் அந்தப் பதிவில் எங்குமே ஒலிக்காத ஒரு வேகம்தான் கிடைக்கும். பிரித்துப் பிரித்து எழுதுங்கள்.

தலைப்புச் சொற்களை இன்றைய மெட்ரோனோமில் அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட வேண்டாம். லார்கோ என்றாலே மிக மெதுவு என்று இன்று பழகிவிட்டது. ஆனால் 1683-இல் தன் மூன்று குரல் சொனாட்டாக்களின் முன்னுரையில் இங்கிலாந்து இசையமைப்பாளர் பர்செல், அடாஜியோவும் கிராவேயும்தான் மிக மெதுவானவை, லார்கோ நடுத்தரமானது என்று விளக்குகிறார். அலெக்ரோவின் நேர்ப்பொருளே 'மகிழ்ச்சியான' என்பதுதான். வேகம் அதிலிருந்து பிறந்தது. எண்ணாக ஏதாவது வேண்டுமென்றால் புல்லாங்குழல் கலைஞர் குவாண்ட்ஸ் 1752-இல் தந்த அளவு இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் நாடித்துடிப்பை நிமிடத்துக்குச் சுமார் 80 என்று வைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். நான்கு பீட் தாளத்தில் அலெக்ரோ அஸ்ஸாய்க்கு இரண்டு கால் சுர நீளமுள்ள அரைச் சுரத்துக்கு ஒரு துடிப்பு, அலெக்ரெட்டோவுக்குக் கால் சுரத்துக்கு ஒன்று, அடாஜியோ கான்டாபிலேக்கு எட்டாம் சுரத்துக்கு ஒன்று. இந்த அளவுப்படி பார்த்தால் 44 என்று அளந்த நம் அடாஜியோ மிக மெதுவான வாசிப்பு. அதனாலேயே அது தவறு என்று ஆகிவிடாது. குவாண்ட்ஸ் இருந்தது பெர்லின் அரசவையில், எழுதியது ஒரு தலைமுறை கழித்து. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோல், அவ்வளவே.

கீ: சுருதியைப் பிடித்த பிறகு

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். இன்றைய பொதுச் சுருதியில் நடு ஏ 440 ஹெர்ட்ஸ். பழைய வாத்திய முறையில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415-இல் கூட்டுகின்றன. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட மிகச் சரியாக ஓர் அரைச்சுர இடைவெளி, 101 சென்ட் (அந்த இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்). பிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குவார்கள், அது முழுச்சுர இடைவெளி. சில இத்தாலிய இசைக்கு 465-க்கு ஏறுவதும் உண்டு. ஜி மைனர் 415-இல் ஒலித்தால் கருவி எஃப் ஷார்ப் மைனர் என்கிறது. காதில் விழும் அதிர்வெண்ணைப் பொறுத்தவரை அது பொய் சொல்லவில்லை. ஆனால் கலைஞரின் விரல்களும் நோட்டேஷனும் ஜி மைனரில்தான் இருக்கின்றன. நம்மிடம் ஐந்து கட்டைப் பாட்டு என்று பேசிவைத்து, சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்தால் எப்படியோ அப்படி.

அளக்கும் முறை இது. அடாஜியோவின் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) ஆடாசிட்டியில் தேர்ந்தெடுங்கள். குறைந்தது அரை நொடியாவது இருக்கட்டும். 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' என்ற அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து, அளவை 16384 ஆக்குங்கள். 2048-இலேயே விட்டால் 44,100 மாதிரி வீதத்தில் ஒவ்வொரு கட்டமும் 21.5 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். நமக்குப் பிரித்தறிய வேண்டியது 11 ஹெர்ட்ஸ் வித்தியாசம். 16384-இல் கட்டம் 2.7 ஹெர்ட்ஸாகக் குறுகிவிடும். அந்தக் கார்டில் கீழிருந்து ஜி, டி, பி ஃபிளாட், ஜி என நான்கு சுரங்கள். முதல் இரண்டும் விரல் வைக்காத திறந்த தந்திகள். அவற்றில் விரல் அசைவு கிடையாது என்பதால் அளவு உறுதியாக நிற்கும். 440 சுருதியில் உச்சங்கள் 196, 294, 466, 784 ஹெர்ட்ஸ் அருகில் வரும். 415-இல் 185, 277, 440, 740 அருகில். மூன்றாவது உச்சத்தைக் கவனியுங்கள்: 440 என்ற எண்ணைப் பார்த்ததும் 'இதோ ஏ, சுருதி சரியாக இருக்கிறது' என்று நினைக்கத் தோன்றும். அது 415-இல் ஒலிக்கும் பி ஃபிளாட்.

இது தாழ்ந்த சுருதியில் வாசித்த ஜி மைனரா, உண்மையிலேயே எஃப் ஷார்ப் மைனரா என்ற ஐயத்தைத் தீர்க்கத் தனி வயலினில் அருமையான சான்று ஒன்று உண்டு. வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் திறந்த ஜி தந்தி. அதற்குக் கீழே எந்த விரலும் போக முடியாது. பதிவில் 185 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கிறது என்றால் தந்தியே இறக்கிக் கூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டோடு வரும் சொனாட்டாவில் இந்தச் சான்று கிடைக்காது. அங்கே நோட்டேஷனையும் பதிவோடு வரும் சிறுநூலையும்தான் நம்ப வேண்டும்.

சுருதி தெரிந்ததும், கருவியில் அந்த எண்ணைக் கொடுங்கள். சோனிக் விஷுவலைசர் என்ற இசை ஆய்வு மென்பொருளில் கீ கண்டறியும் துணைநிரலுக்குச் சுருதி அதிர்வெண்ணைக் கொடுக்கும் இடம் இருக்கிறது. கொடுக்காவிட்டால் 440 என்றே எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாத கருவி என்றால் ஆடாசிட்டியில் சுருதியை ஓர் அரைச்சுரம் ஏற்றிவிட்டுக் கொடுங்கள். மிகத் தொல்லை தருவது 430 போன்ற இடைச் சுருதிகள். 440-க்கு 40 சென்ட் கீழே இருப்பதால் கருவி இரண்டு கீகளுக்கு நடுவில் ஊசலாடி, ஒரே பகுதியில் மாறி மாறிப் பதில் சொல்லும்.

பழைய தட்டுகளில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. யோசெஃப் யோவாகிம் 1903-இல் இதே அடாஜியோவைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. தட்டு 6 விழுக்காடு வேகமாகச் சுழன்றால் சுருதி அரைச்சுரம் ஏறும்; டெம்போவும் அதே 6 விழுக்காடு கூடும். எனவே பழைய தட்டின் டிஜிட்டல் பிரதியில் சுருதி விநோதமாக இருந்தால் டெம்போ எண்ணையும் நம்ப வேண்டாம். இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

இனிக் காதால் சரிபார்ப்பது. தம்புரா செயலியை ஐந்து கட்டையில் வைத்து, 415 பதிவென்றால் நாலரையில் வைத்து, பகுதியின் முதல் சில பார்களையும் கடைசி நான்கு பார்களையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஸட்ஜமம் அங்கேயே வந்து அமர்ந்தால் அதுதான் கீ. நடுவில் ஒட்டாது, ஒட்டவும் கூடாது. பரோக் பகுதியில் ஆதாரமே இடம் பெயரும். பிரெஸ்டோவின் முதல் பாதி ஜி-யில் தொடங்கி டி-யில் போய் நிற்கிறது. நடுவிலிருந்து 30 நொடித் துண்டை வெட்டிக் கருவியிடம் கொடுத்தால் வேறு கீ வருவதற்கு இதுதான் காரணம்.

முதல் சுரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபூகா டி-யைத் திரும்பத் திரும்பத் தட்டித் தொடங்குகிறது, அது பஞ்சமம். கடைசிக் கார்டும் சில நேரம் ஏமாற்றும். இதே தொகுப்பின் இரண்டாம் சொனாட்டாவில் ஏ மைனர் கிராவே ஈ-யில் நின்றுவிட்டு அடுத்த ஃபூகாவுக்கு வாசல் திறக்கிறது. மெதுவான பகுதி பஞ்சமத்தில் தொங்கி நின்றால், அடுத்த டிராக்கின் முதல் கார்டையும் கேட்ட பிறகே எழுதுங்கள். மைனர் பகுதி கடைசியில் மட்டும் மேஜர் கார்டில் முடிவதும் அக்கால வழக்கம். அதை மேஜர் என்று பதிவு செய்யக்கூடாது.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் மைனரைக் கீரவாணி என்று எடுத்துக்கொள்வது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் ஏறும்போது கௌரிமனோகரியின் தைவதமும் நிஷாதமும், இறங்கும்போது நடபைரவியினுடையவையும் வந்துபோகும். இதைக் கீ மாற்றம் என்று நினைக்க வேண்டாம். காந்தாரம் மாறவில்லை என்றால் வீடு அதேதான்.

மனநிலை

மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்ற சூத்திரம் இந்த இசைக்குப் பொருந்தாது. ஜி மைனரைப் பற்றி அக்காலத்தவர் சொன்னதையே பாருங்கள். மத்தேசோன் 1713-இல் அதைக் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அழகான கீ என்கிறார். தீவிரத்தோடு இனிமையும் கலந்தது என்கிறார். ஷார்பான்தியே 'தீவிரமும் மகத்துவமும்' என்றார். 1722-இல் ராமோவுக்கு அது மென்மைக்கும் கனிவுக்கும் உரியது. மூவரும் ஒத்துப்போகவில்லை, ஒருவர்கூடச் சோகம் என்றும் சொல்லவில்லை. இத்தகைய பட்டியலை மேற்கோளாகச் சேர்க்கலாம். முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

நாம் எழுத வேண்டியது காதில் விழும் சான்றிலிருந்து வர வேண்டும். கார்டு எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது, முரண் சுரங்கள் எவ்வளவு நேரம் தீராமல் நிற்கின்றன, கீழ்க்குரல் படிப்படியாக இறங்குகிறதா, புள்ளித் தாளம் இருக்கிறதா, எந்த நடனத்தின் நடை என்று கேளுங்கள். அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் பாஸ் அக்காலத்தில் ஒப்பாரியின் அடையாளம். மெதுவான 12/8-இல் தள்ளாடும் புள்ளித் தாளம் மேய்ச்சல் நிலத்தின் நடை. சிசிலியானா என்ற பெயரே அதற்குத்தான். பாக்கின் சிசிலியானாவில் கீழ்க்குரல் ஒரு சிறு சொல்லைச் சொல்லும், மேலே இரு குரல்கள் மூன்றாம் சுர இடைவெளியில் சேர்ந்து பதில் தரும். ஒரே வயலினில் நடக்கும் அந்த அமைதியான உரையாடலை 'மகிழ்ச்சி' என்று ஒரு பெட்டிக்குள் போடுவது அநியாயம்.

அடாஜியோவில் பெரும்பாலோர் மேலே ஓடும் நுண்சுரங்களில் மயங்கி 'சுதந்திரமான, கனவு போன்ற' என்று எழுதிவிடுகிறார்கள். அவை அலங்காரம், வேறொருவர் வாசிக்கும்போதே சேர்த்துக்கொள்வதைப் பாக் எழுதியே வைத்துவிட்டார். அவற்றை மனதில் நீக்கிவிட்டு கார்டுகளை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். நிதானமான, கண்டிப்பான ஒரு நடை அடியில் தெரியும். மனநிலை அந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியில் இருக்கிறது.

இசையில் உள்ளதையும் கலைஞர் சேர்த்ததையும் தனித்தனியாக எழுதுவது அவசியம். பிரெஸ்டோவின் இடைவிடாத ஓட்டம் பாக்கினுடையது. வில்லை நடுவில் வைத்து ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வாசிப்பதா, இணைத்து வாசிப்பதா என்பது கலைஞருடையது; அதைப் பொறுத்து அதே 80 பார் வேகம் பதற்றமாகவும் கேட்கும், நடனமாகவும் கேட்கும். நிரப்பிய குறிப்பு ஒன்று இப்படி அமையும்:

பாக், பி.டபிள்யு.வி 1001, நான்காம் பகுதி பிரெஸ்டோ, 3/8. இரு பாதியும் திரும்ப வாசிக்கப்படுகின்றன, 272 பார், 3 நிமிடம் 24 நொடி, ஒரு பார் = 80. கீ ஜி மைனர்; பதிவின் சுருதி ஏ = 415, ஒலிக்கும் நிலை எஃப் ஷார்ப். முதல் பாதி டி-யில் முடிகிறது. இசை: நிற்காத பதினாறாம் சுர ஓட்டம், கண்டிப்பும் ஆற்றலும், துயரம் இல்லை. வாசிப்பு: குறுகிய வில், ஒவ்வொரு பாரின் தலைச் சுரத்திலும் லேசான அழுத்தம், நடனத் தன்மை.

குறிப்பை எழுதி முடித்த மறுநாள், அதைப் பார்க்காமல் பதிவை மீண்டும் ஒருமுறை கேட்டு, மனநிலை வரியை மட்டும் புதிதாக எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒத்துவரும் சொற்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள்.